அவன் வரவேண்டிய விமானம்

விமானப் பாதுகாப்பு இயக்ககத்துக்கென்று சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அது பழுதாகிப் பின்பக்கச் சுவரோரம் நின்றுபோய், அதற்குள் ஒரு பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஆகவே விமான நிலையத்தில் திடீர்ச் சோதனை போட வேண்டுமென்றால், ஆய்வாளர் முதலில் விமான நிறுவனத்துக்குத்தான் போன் செய்வார். "திடீர்ச் சோதனைக்கு வரணும், வண்டி அனுப்புங்க" என்பார். தங்கமான மனிதர்கள், உடனே அனுப்பிவிடுவார்கள். எந்த விமானத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டு வைத்துக்கொள்வார். ஆய்வாளர் போய் இறங்குவதற்குள் அந்த விமானத்தைக் குளிப்பாட்டித் தலைவாரி நிறுத்தியிருப்பார்கள். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. வருடக்கணக்காக நடந்துவருகிற ஒன்று எப்படித் தப்பாகும்?

அந்த ஆய்வாளர்களில் ஒருத்திதான் நம் கதைக்காரி. நாற்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி, வேலையில் குறை சொல்ல முடியாது. எந்த வேலை கொடுக்கப்பட்டதோ அதில் குறை சொல்ல முடியாது என்று திருத்திக்கொள்கிறேன். அவளுடைய கணவன் விமான இன்ஜினியர். ஆறு வருடத்துக்கு முன்பு கடல் தாண்டிப் போய், ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் கொட்டகையில் விமானங்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரு தையல்கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. அதில் அவள் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை, அந்தப் பேச்சை இருவருமே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். சமைக்கும்போது போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு அவனோடு பேசுவாள். அவன் அங்கே மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்ததால், மனதில் உள்ளதைப் பேச மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே காற்று அதிகம். அவன் ஆசையாகச் சொல்வதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். "என்ன சொன்னீங்க?" என்று அவள் கத்துவாள். ஆசையை இரண்டாம் தடவை சொல்ல வெட்கப்பட்டு, "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியான்னு கேட்டேன்" என்பான்.

அவனுடைய சட்டை ஒன்றை அவள் துவைக்காமல் வைத்திருந்தாள். முந்தைய மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஈரம் ஏறி, சட்டையில் பூஞ்சை பூத்துவிட்டது. வேறு வழியில்லாமல் துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்த பிறகு எடுத்து முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டுக் கீழே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து மேலே வந்து விசாரித்தார். சட்டையைத் துவைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலைவலி என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது அவன் வரப்போகிறான். அதுவும் ஒரேயடியாக வருவதற்கு வழி பிறந்திருந்தது. உள்ளூர் விமான நிறுவனத்துக்கு மக்கள் வைத்த பெயர் நீலவால். வாலில் பூசியிருந்த நீலம் அப்படி. அவர்களிடம் உள்ளூர் ஓட்டத்துக்குச் விசிறி சுழன்று பறக்கும் சில சின்ன விமானங்களும், வெளிநாட்டுக்குப் போய்வர ஒரே ஒரு பெரிய ஜெட்டும் இருந்தன. வாரம் ஒருமுறை அந்த ஜெட் மதியம் கிளம்பி, அவன் வேலை பார்க்கும் நகரத்துக்குப் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்பிவிடும். நீலவாலின் பட்டறைத் தலைவர் அவனுடைய பழைய சிநேகிதர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். புதிதாக இரண்டு வெளிநாட்டுத் தடமும், இன்னொரு ஜெட்டும், பெரிய பட்டறையும் வரப்போகின்றன, பட்டறைக்கு மூத்த இன்ஜினியர் வேலை மச்சானுக்குத்தான் என்று அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அங்கே அவனுடைய ஒப்பந்தம் முடிகிற சமயம். புதுப்பிக்கச் சொல்லி நீட்டியதில் கையெழுத்துப் போடாமல், ஊருக்குப் போய்வந்து சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டுவிட்டு, வியாழக்கிழமை ஜெட்டில் சீட்டுப் போட்டிருந்தான்.

எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாகவே வெளிநாடுகள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தன. இங்கே விமானங்களை யாராவது உண்மையிலேயே கண்காணிக்கிறார்களா, அல்லது கண்காணிப்பதாக எழுதிவைக்கிறார்களா என்று அவர்களுக்குச் சந்தேகம். அதைப் பார்த்துவரச் சர்வதேசக் குழு ஒன்று அந்த வாரம் வந்திறங்கியது. குழு தலையாட்டினால் புதுத் தடம், புது ஜெட், புதுப் பட்டறை. உதட்டைப் பிதுக்கினால் நாடு நாடாகக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரிய ஜெட் கொட்டகையில் கிடந்து தூசி படிய வேண்டியதுதான். அப்புறம் இன்ஜினியருக்கு என்ன வேலை?

இயக்குநர் பாடாய்ப் படுத்திவிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்தால் ஊரையே கூட்டுகிற ரகம். பள்ளிக்கூடம் மாதிரி எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பதில் ஒப்பிக்க வைத்தார். வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கதவில் இயக்ககத்தின் முத்திரையை ஒட்டினார். பூனையையும் குட்டிகளையும் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். "யாராவது ஏதாவது உளறினீங்க, தொலைஞ்சோம்" என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சொல்லிவந்தார்.

குழுவின் தலைவி ஓர் உயரமான பெண்மணி. வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவாள். வந்த முதல் நாளே அலுவலகம் அவளுக்கு நெட்டையம்மா என்று பெயர் வைத்துவிட்டது. அவள் கேட்டதெல்லாம் அவள் மொழியில்தான் கேட்டாள். இங்கே நம் பேச்சில் தருகிறேன். குரலை உயர்த்தமாட்டாள், யாரையும் மடக்கமாட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். ஆனாலும் ஒப்பித்த பாடம் கைகொடுத்தது. புதன்கிழமை மாலை இயக்குநர் முதல் தடவையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை அவள் தலையணை உறை மாற்றினாள். அவனுக்குப் பிடித்த பிளேடு வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். படியிறங்கும்போது தையல்காரர், "என்னம்மா, இன்னிக்கு முகமே சரியில்லையே. இவ்வளவு நல்லா இருக்கே!" என்று கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆனவளுக்கு என்ன வெட்கம்? ஆனால் அவன் வந்ததும் முதலில் கையைப் பிடிப்பதா, பெட்டியை வாங்குவதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனாள். போனில் பேசிப் பேசி, நேரில் ஒருவரை ஒருவர் எப்படித் தொடுவது என்பதே மறந்துபோயிருந்தது.

குழுவுக்கு அன்று கடைசி நாள். காகித வேலையெல்லாம் முடிந்து, விடைபெற வேண்டியதுதான் பாக்கி என்று இயக்குநர் நினைத்திருந்தார். நெட்டையம்மா நேராக நம் ஆய்வாளரின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஒரு திடீர்ச் சோதனை எப்படிப் பண்றீங்கன்னு பார்க்கணும். இப்பவே போகலாமா?"

"தாராளமா!" என்றார் இயக்குநர், ஓடிவந்து. வெள்ளைக் கார் வாசலில்தான் நின்றது. இதற்காகத்தானே வாடகைக்கு எடுத்தது?

இங்கேதான் அந்த அலுவலகத்து ஆள் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு நடந்தது. அவளுடைய புத்தி முழுவதும் மாலை விமானத்தில் இருந்தது. டார்ச்சையும் மஞ்சள் மேல்சட்டையையும் எடுக்கக் குனிந்தவள், அத்தனை வருடப் பழக்கத்தில், போனை எடுத்து நீலவாலின் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணே, வண்டி அனுப்புங்க. திடீர்ச் சோதனை."

"சரிம்மா. எந்த விமானம்?"

"சின்னதுதான். வாசல் பக்கத்துல நிக்குமே, அது."

வைத்துவிட்டாள். இயக்குநர் அதற்குள் வெள்ளைக் காரின் சாவியை எடுக்கத் தன் அறைக்குப் போயிருந்தார். நெட்டையம்மாவுக்கு நம் மொழி தெரியாது என்பதால் அவள் பாட்டுக்குச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நீலவாலின் அலுவலகம் எதிர்த்தெருதான். படியிறங்கி வாசலுக்கு வந்தபோது வெள்ளைக் காருக்கு முன்னால், பளபளவென்று, கதவில் நீல வால் வரைந்த கார் நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா, அங்க எல்லாம் ரெடியா இருக்கு" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

மேலே ஜன்னலில் இயக்குநரின் முகம் தெரிந்தது, உடனே மறைந்தது. நெட்டையம்மா இரண்டு கார்களையும் பார்த்தாள். நீலக் காரைக் காட்டி, "இதுல கால் நீட்ட இடம் இருக்கு" என்று ஏறி உட்கார்ந்தாள்.

விமான நிலையத்தில் சின்ன விமானம் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தது. துடைத்த ஈரம்கூட இறக்கையில் காயவில்லை. பக்கத்தில் மெக்கானிக் ஒருவர் மடிப்புக் கலையாத புதுக் கையுறை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். நிழலில் ஒரு மேஜை போட்டு, தேநீர் ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். நெட்டையம்மா விமானத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு. நாம வர்றது இவங்களுக்குத் தெரியுமா?"

இதற்கும் ஒப்பித்த பதில் இருந்தது. விமான நிலையத்தில் விருந்தாளி யார் வந்தாலும் தேநீர் கொடுப்பது வழக்கம் என்று சொல்லலாம். ஓட்டுநர் தற்செயலாக வந்தார் என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள். நெட்டையம்மா அவளைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. ஒரே வேலை செய்கிற இன்னொருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அத்தனை வருடத்தில் அந்த வேலையைப் பற்றி அவளிடம் யாரும் உண்மையாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தெரியும். நான்தான் போன் பண்ணேன்," என்றாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. எங்களுக்குக் கார் கிடையாது."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அடுத்த நிமிடமே, ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று நினைத்தாள். ஆனாலும் கார் இல்லாததற்காக ஒரு நாட்டையே ஒதுக்கிவைத்துவிடுவார்களா, திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். நெட்டையம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்தில் பார்த்தாள். அங்கே பெரிய ஜெட்டுக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யாருக்கும் சொல்லாத ஒண்ணைப் பார்க்கலாமே. அது எங்க போகுது?"

அவள் நகரத்தின் பெயரைச் சொன்னாள். அவன் வேலை பார்க்கும் நகரம் அது.

இருவரும் நடந்து போவதைப் பார்த்ததும் கொட்டகையிலிருந்து பட்டறைத் தலைவர் ஓடிவந்தார். அவருக்குத் தொப்பை, ஓடி யாரும் பார்த்ததில்லை. "தங்கச்சி, இது லிஸ்ட்லயே இல்லையே" என்று மூச்சிரைத்தார். அவள் குனிந்து, சக்கரங்களுக்கிடையில் டார்ச்சை அடித்தாள். இடப்பக்கச் சக்கரங்களில் உள்ளே இருந்த டயர், பழைய சட்டையின் காலர் மாதிரி நைந்துபோயிருந்தது. ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் ஒரு கை அகலத்துக்கு வெளியே தெரிந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நூல் சொரசொரத்தது.

"இதை எப்ப பார்த்தீங்க அண்ணே?"

"நாலஞ்சு நாளாச்சு. புதுச் சக்கரம் கப்பல்ல வந்துகிட்டிருக்கு. வேற ஸ்பேர் கையில இல்ல. இன்னிக்கு ஒரு தடவ போயிட்டு வரட்டும், மாத்திடலாம்."

போயிட்டு வரட்டும். அலுவலகத்தில் இதுதான் தாரக மந்திரம். விளக்கு எரியவில்லையா, போயிட்டு வரட்டும். கதவு இறுக்கமாக மூடவில்லையா, போயிட்டு வரட்டும். விமானங்களும் சொன்னபடி போய்விட்டு வந்துகொண்டுதான் இருந்தன. இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விமானத்தைக்கூட நிறுத்தியதில்லை என்பதை இயக்குநர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். நிறுத்துவதென்றால் யாரிடம் சொல்ல வேண்டும், எதில் எழுத வேண்டும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

பட்டறைத் தலைவர் நெட்டையம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, குரலைத் தாழ்த்தினார். "இது மச்சான் வர்ற வண்டிம்மா. மறந்துட்டியா?"

மறப்பாளா? அதற்குள் அவளுடைய போனில் இயக்குநர் வந்துவிட்டார். யாரோ அவருக்கும் சேதி சொல்லியிருந்தார்கள்.

"கார் விஷயத்தை நான் சமாளிச்சுக்கறேன். டயரைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, புரியுதா? அந்தம்மாவுக்கு நிறுத்தற அதிகாரம் கிடையாது. நீங்க சரின்னா சரி. போயிட்டு வரட்டும்மா. உங்க வீட்டுக்காரரும் அதுலதானே வர்றார்?"

எல்லோருக்கும் அவளுடைய வீட்டுக்காரர்மேல் எவ்வளவு அக்கறை! அவள் போனை வைத்துவிட்டு நெட்டையம்மாவைப் பார்த்தாள். யாராவது நமக்குப் பதிலாக முடிவெடுத்துவிடமாட்டார்களா என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

நெட்டையம்மா தலையை ஆட்டினாள். "நான் பார்க்க வந்தவ. விடறதும் நிறுத்தறதும் உங்க வேலை."

அவள் மறுபடி டயர் அருகே போய்க் குந்திக்கொண்டாள். எல்லோரும் அவள் எதையோ ஆராய்கிறாள் என்று நினைத்தார்கள். ஆராய ஒன்றும் இல்லை. கண்ணை மறைப்பதற்காகத்தான் குனிந்தாள். இதை விட்டுவிட்டால் இருட்டுவதற்குள் அவன் இங்கே நிற்பான். அந்த வாசல் வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு வருவான். தொட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடிக் காற்று இல்லாமல் அவன் சொல்வதை முழுதாகக் கேட்கலாம். வேண்டும், வேண்டும் என்று மனசு சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தது. ஒரே ஒரு தடவை. இதுவரை எத்தனையோ போய்விட்டு வரவில்லையா?

விரல் மட்டும் நூலின்மேலேயே இருந்தது. இங்கிருந்து கிளம்பும் ஒரு ஓட்டம், அங்கே இறங்கும் ஓட்டம், அங்கிருந்து கிளம்பும் ஓட்டம் என்று அவள் மனம் தானாகவே கணக்குப் போட்டது. இங்கே மறுபடி இறங்கும்போதுதான் டயர் மிகவும் நைந்திருக்கும். அப்போதுதான் அவன் உள்ளே இருப்பான். இதுவரை கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானங்களிலெல்லாம் யார் யாருடைய கணவனோ இருந்திருப்பான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுந்தாள். டார்ச்சை அணைத்தாள்.

"நிறுத்துங்க அண்ணே. சக்கரம் மாத்தாம இது போகக்கூடாது."

"தங்கச்சி..."

"நிறுத்துங்க."

பட்டறைத் தலைவர் எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கையைக் காட்டினார். குழாயைக் கழற்றினார்கள். உள்ளே காத்திருந்த பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கூட்டம் எழுந்து நிற்பது தெரிந்தது. நெட்டையம்மா பாராட்டவும் இல்லை, கை குலுக்கவும் இல்லை. திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னிக்கு அந்த விமானத்துல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருந்தாங்களா?"

"வர்றதா இருந்தாங்க," என்றாள்.

மாலையில் அவன் போன் செய்தபோது அவள் தலையணை உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் விமான நிலையத்துச் சத்தம் கேட்டது.

"பலகையில ரத்துன்னு போட்டுட்டான். கேட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியல. உங்க பக்கம் என்னதான் நடக்குது?"

நெட்டையம்மாவிடம் பட்டென்று உண்மையைச் சொன்னவளுக்கு, கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஏதோ கோளாறுன்னு சொன்னாங்க" என்று மென்று விழுங்கினாள்.

"சரி விடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றான். அவனுக்குக் கிடைத்திருந்த விடுப்போ சொற்பம். வேறு நிறுவனத்தில் இரண்டு இடத்தில் மாறி வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும், விடுப்பை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டு நேர் விமானத்துக்கே காத்திருக்கலாம் என்று முடிவு செய்து அறைக்குத் திரும்பிப் போனான். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றும், பூட்டியபடியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன் என்றும் மறுநாள் சொன்னான்.

அடுத்த வாரம் சக்கரம் வந்தது. பெரிய ஜெட்டில் மாட்டினார்கள். ஆனால் அதற்குள் சர்வதேசக் குழு தன் கவலையைச் சம்பந்தப்பட்ட நாடுகளுக்குத் தெரிவித்திருந்தது. விமானத்தை ஒருத்தி நிறுத்தினாள் என்பதையும் எழுதியிருந்தார்கள். ஆனால் நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அவன் வேலை பார்த்த நாடுதான் முதலில் கதவைச் சாத்தியது. பிறகு மற்றவர்களும் வரிசையாகச் சாத்தினார்கள். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. ஜெட்டை ஓரமாக இழுத்துப்போய், இன்ஜின் வாயைத் துணியால் மூடிக் கட்டினார்கள். புதுத் தடம், புதுப் பட்டறை என்ற பேச்சே அடங்கிப்போயிற்று.

"இப்படிச் சாத்தின கதவு திறக்க நாலு வருஷமும் ஆகும், ஏழு வருஷமும் ஆகும்," என்றார் இயக்குநர். அவளைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. நிறுத்தத் தெரிந்த ஆளை மாற்றக்கூடாது என்று குழு எழுதிவைத்துவிட்டதால் அவளை எங்கும் தூக்கியடிக்கவும் முடியவில்லை. வாடகை வெள்ளைக் காரையே விலைக்கு வாங்கினார்கள். அவள் அதில் ஏறி, யாருக்கும் போன் செய்யாமல், நிஜமாகவே திடீரென்று போய் இறங்கினாள். நீலவாலில் அவளைக் கண்டால் சிரிப்பவர்கள் குறைந்துபோனார்கள். பட்டறைத் தலைவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, மேடம் என்றார். அந்த ஒரு சொல் அவளைத் தைத்த அளவுக்கு வேறு எதுவும் தைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் போன் செய்தான். இந்தத் தடவை மொட்டைமாடிக் காற்று இல்லை. அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

"நீதான் நிறுத்தினியாமே," என்றான்.

பட்டறைத் தலைவர் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஆமாங்க."

"எந்தச் சக்கரம்?"

"இடப்பக்கம். உள் சக்கரம்."

"நூல் எவ்வளவு தெரிஞ்சுது?"

"ஒரு கை அகலம்."

அவன் கைக்கு வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கழற்றி எறிந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு சின்னக் கீறலைக் கண்டுபிடித்ததற்கு அவனுக்குப் பாராட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

"தாங்கியிருக்கும்," என்றான்.

"என்னங்க, நீங்களா இதைச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். தாங்கியிருக்கும். தாங்கலேன்னாலும் நான் ஏறியிருப்பேன். டயரே இல்லேன்னு சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன்டி. உனக்கு என்ன தெரியும்? ஆறு வருஷம்..." குரல் உடைந்தது. அவன் அழுது அவள் கேட்டதில்லை. காற்று இருந்ததால் கேட்காமல் இருந்ததோ என்னவோ.

"ஏறியிருப்பீங்கன்னு தெரியும்," என்றாள். "அதனாலதான் நிறுத்தினேன்."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேறு யாரோ பேசுவதுபோல் நிதானமாகப் பேசினான்.

"நேத்து இங்க கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வருஷம்னு நீட்டினாங்க. ஒரு வருஷம் போதும்னு அடிச்சுக் குடுத்தேன். சிரிச்சாங்க."

"ஏன் ஒரு வருஷம்?"

"அதுக்குள்ள கதவு திறந்துடும்ல? நேரா வந்து இறங்கி, பட்டறையில சேர்ந்துடலாம்ல? நீ அங்கதானே இருக்கே. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. முந்தின நாள்கூட இரண்டு சின்ன விமானங்களை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். இன்னும் பார்க்காதது எத்தனையோ. பயிற்சி கொடுக்க வேண்டும், ஆள் எடுக்க வேண்டும், நெட்டையம்மாவின் குழு மறுபடி வர வேண்டும்.

"ஏய், எதாவது சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"உண்மையெல்லாம் ஊருக்கே சொல்லிட்டியே. எனக்கு ஒரு பொய்யாவது சொல்லேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"திறந்துடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள கண்டிப்பா திறந்துடும். அந்த நெட்டையம்மாவே என்கிட்ட சொன்னாங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீங்க பெட்டியைப் பிரிக்காதீங்க."

"சரி," என்றான் அவன்.